வார்ட்டில் படிப்பிக்கச் சொல்லிவிட்டார்கள், படிப்பிக்க யார் பழக்குவது?

இரவு_டியூட்டி
செவ்வாய், இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மெடிசின் ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணராவதற்குப் பயிற்சி பெறுகிற டொக்டராக, இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ஆறு மாதத்துக்கு முன் வந்த முதல் நாளே கொன்சல்டன்ட் சேர் சொன்னார்: "பின்னேரத்தில் பிள்ளைகளையும் கொஞ்சம் பாருங்கள்." அவ்வளவுதான். எட்டுப் பேர், மூன்றாம் வருடம், கழுத்தில் புது ஸ்டெத்.

போன கிழமை டெங்குவைப் பற்றி அவர்களுக்கு 25 நிமிடம் சொன்னேன். கட்டிலடியில் நின்று, சார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. காய்ச்சல் விடுகிற நேரம்தான் விழித்திருக்க வேண்டிய நேரம், பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்) ஏறுகிறதா பார், சலம் எவ்வளவு போகிறது பார், பிளேட்லெட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதே. நன்றாகச் சொன்னேன் என்றே நினைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பிள்ளை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். மறுநாள் அதே பிள்ளை புதிதாக வந்த டெங்கு நோயாளி ஒருவரைப் பற்றி எனக்குச் சொன்னாள். மூன்று நாள் பிளேட்லெட் கணக்கு மனப்பாடம். பிசிவியை அவள் பார்க்கவே இல்லை.

கோபம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் கல்லடிப் பாலத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தபோதுதான் யோசித்தேன். கனியூலா போட, லம்பர் பங்சர் செய்ய, ஆள் தவறிப்போனால் வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்பதைக்கூட எனக்கு யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று பழக்கினார்கள். படிப்பிக்க மட்டும் ஒருவரும் பழக்கவில்லை. எம்டி முதல் பார்ட் சோதனை பாஸ் என்றால் வாத்தியார் வேலையும் பாஸ் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

உங்கள் யூனிட்டுகளில் எப்படி? யாராவது ஏதாவது சொல்லித் தந்தார்களா?


பழைய_ஸ்டெத்
புதன், காலை 5.20

தம்பி, நான் ஓய்வு பெற்றுப் பல வருடம். இப்போது களுவாஞ்சிக்குடியில் தென்னை பார்க்கிறேன். எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பயிற்சி கிடையாது. ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு. அமெரிக்காவில் ஹால்ஸ்டட் காலத்திலிருந்து சத்திரசிகிச்சைக்காரர் இப்படித்தான் பழகி வந்தார்கள்.

எங்கள் சேர் ஒருநாள் ரவுண்டில் பிஎச்டியை, அதாவது நோயாளியின் கட்டிலடிக் குறிப்பேட்டை, வீசினார். என் காலடியில் வந்து விழுந்தது. அதில் நான் எழுதாமல் விட்டது சோடியம். அதன்பிறகு சோடியத்தை நான் மறந்ததே இல்லை. உங்கள் பிள்ளை பிசிவியைப் பார்க்கவில்லையா, ஒரு சத்தம் போடுங்கள். மறுநாள் பார்ப்பாள்.


கல்லடிக்_காற்று
புதன், பிற்பகல் 1.15

@பழைய_ஸ்டெத் சேர், சோடியம் மறக்கவில்லை, சரி. அன்றைக்கு அந்தக் கட்டிலில் கிடந்தவருக்கு என்ன வருத்தம் என்று நினைவிருக்கிறதா?

@இரவு_டியூட்டி நான் சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டுப் பயிற்சியை முடித்துக்கொண்டு அண்மையில்தான் திரும்பினேன். இந்தக் குறை நமக்கு மட்டும் சொந்தமானதில்லை. நம்முடைய ரெஜிஸ்ட்ராரை அமெரிக்காவில் ரெசிடென்ட் என்பார்கள். அங்கே மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற எல்சிஎம்இ என்ற அமைப்பு இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறது. ரெசிடென்ட் படிப்பிப்பதாக இருந்தால் அந்தப் பாடத்தின் நோக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், படிப்பிக்கவும் மதிப்பிடவும் அவரைத் தயார் செய்திருக்க வேண்டும். முதல் பாதியைக் கவனியுங்கள். உங்களுடைய எட்டுப் பேர் இந்த அப்பொய்ன்ட்மென்ட் (வார்ட் பயிற்சிக் காலம்) முடியும்போது எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது ஒரு தாளைக் கையில் தந்தார்களா? எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் பிழை.

சரி, கையில் உடனே எடுக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் ஐந்து சின்னப் பழக்கங்களாக எழுதி வைத்த முறை. ஒரு நிமிட முறை என்று பெயர், ஒரு நிமிடத்தில் முடியாது. வரிசையாக எழுதினால் நீங்கள் மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடுவீர்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

மாசி மாதம், நெல் வெட்டுக் காலம். வவுணதீவுப் பக்கத்து ஐயா ஒருவர், ஐந்து நாள் காய்ச்சல். மாணவன் வந்து ஹிஸ்டரி முழுவதையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் பதில் சொல்வேன் என்று நிற்கிறான். "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். "டெங்கு, மெடம்." "எதை வைத்துச் சொல்கிறாய்?" "பிளேட்லெட் 70,000." இந்த இடத்தில் எனக்கு வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு, "வேறென்ன கண்டாய்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் நின்று சொன்னான்: கண் சிவந்திருந்தது, கெண்டைக்காலைத் தொட்டபோது ஐயா காலை இழுத்துக்கொண்டார், வயல் வேலை செய்த உளைவாக்கும் என்று விட்டுவிட்டேன்.

பாருங்கள், பையன் எல்லாவற்றையும் கண்டிருக்கிறான். கண்டதை மதிக்கவில்லை. நான் எடுத்த எடுப்பிலேயே "இது எலிக்காய்ச்சல்" என்று சொல்லியிருந்தால், அவன் காலைத் தொட்டே பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருப்பேன், அதை எப்படித் தொடுவது என்று பத்து நிமிடம் வகுப்பும் எடுத்திருப்பேன். அவனுக்கு வேண்டிய வகுப்பு அது இல்லையே.

பிறகு ஒரே ஒரு பொது விதி சொன்னேன்: பிளேட்லெட் இறங்குவது டெங்குவின் தனிச்சொத்து இல்லை, எலிக்காய்ச்சலிலும் இறங்கும், ஆகவே காய்ச்சல்காரர் எந்தத் தண்ணீரில் நின்று வேலை செய்தார் என்று கேள். காலைத் தொட்டுப் பார்த்தது நல்ல வேலை என்று சொன்னேன். சும்மா "கெட்டிக்காரன்" என்றால் எதற்காகக் கெட்டிக்காரன் என்று அவனுக்குத் தெரியாது. கடைசியாகப் பிழையையும் சொன்னேன்: சலம் எவ்வளவு போகிறது என்று நீ கேட்கவில்லை, இந்த வருத்தம் கிட்னியைப் பிடிக்கும், இப்போதே போய்க் கேள். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம்.

2001இல் அமெரிக்காவில் ரெசிடென்ட்மாரைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் இதை ஒரு மணி நேரம் பழக்கிப் பார்த்தார்கள். இவர்கள் எங்களிடம் முதலில் பதிலைக் கேட்கிறார்கள், செய்ததைப் பற்றி எங்களுக்குச் சொல்கிறார்கள் என்று மாணவர்கள் அந்தப் பகுதியினரைப் பற்றித்தான் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரே ஒரு மணி நேரப் பயிற்சி. அதைக்கூட நமக்கு யாரும் தரவில்லை.


மூன்றாம்_வருசம்
புதன், இரவு 9.40

நான் மாணவன். பெயர் போடத் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன். @இரவு_டியூட்டி உங்கள் குழு இல்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் மன்னித்துக்கொள்ளுங்கள் சேர்.

எட்டுப் பேரில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க மூன்று பேருக்குத்தான் இடம். மற்ற ஐந்து பேரும் முன்னால் நிற்பவர்களின் முதுகைப் படிக்கிறோம். சேர்மார் கேள்வி கேட்டுவிட்டு ஒரு சுற்றுப் பார்ப்பார்கள், உடனே பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். இது எங்களுக்குப் பழகிவிட்டது. தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றால் போதும், பதில் தானாக வரும். "விளங்கிச்சா?" என்று கேட்டால் "விளங்கிட்டு சேர்" என்போம். அது வணக்கம் சொல்வது மாதிரி.

மற்றது மொழி. எங்கள் குழுவில் மூன்று பேர் சிங்களப் பிள்ளைகள், குருநாகல், மாத்தறைப் பக்கம். விரிவுரை ஆங்கிலத்தில், நோயாளி தமிழில். போன மாதம் என் நண்பி ஒருத்தி ஓர் அம்மாவிடம் ஹிஸ்டரி எடுத்தாள். "நாலு தரம் சத்தி எடுத்தது மகள்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். இவள் போனில் தேடி, அதைச் சக்தி என்று எடுத்து, உடம்பு பலவீனம் என்று எழுதிவிட்டாள். வகுப்பில் அவளுக்குப் படிப்பித்த சொல் வாந்தி. வார்ட்டில் யார் வாந்தி என்று சொல்கிறார்கள்? சளி பிடித்ததைச் சொல்கிற தடிமனையும் உடல் பருமன் என்று எழுதியிருந்தாள். அதை வாசித்துவிட்டு ரெஜிஸ்ட்ரார் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அதன்பிறகு இரண்டு கிழமையாக அவள் யாரிடமும் ஹிஸ்டரி எடுக்கவில்லை. என் கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள்.


பழைய_ஸ்டெத்
வியாழன், காலை 5.05

@கல்லடிக்_காற்று மகள், நினைவில்லை. என்ன வருத்தம் என்றும் நினைவில்லை, ஆணா பெண்ணா என்றும் நினைவில்லை. நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். அந்தச் சேர் போட்டிருந்த சப்பாத்துக்கூட நினைவிருக்கிறது.

இருந்தாலும் பயத்தை ஒரேயடியாகத் தூக்கி எறியாதீர்கள். பொட்டாசியத்தை அவசரமாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். அதற்குப் பயப்படாதவனை வார்ட்டுக்குள் விடக்கூடாது. நோயாளிக்கு என்ன ஆகும் என்ற பயம் வேறு, சேர் என்ன சொல்வார் என்ற பயம் வேறு. எங்களுக்கு இரண்டையும் ஒரே கரண்டியில் ஊட்டிவிட்டார்கள். பிரித்தெடுக்க எனக்கு இருபது வருடம் போனது.

@மூன்றாம்_வருசம் தம்பி, மானிப்பாயில் கிறீன் என்று ஓர் அமெரிக்க மிஷன் டொக்டர் இருந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தவர். கடல் கடந்து வந்தவர் தமிழைப் படித்து, மருத்துவத்துக்குச் சொல்லும் தேடினார். இங்கே ஒரு பிள்ளை ஒரு சொல்லைப் பிழையாக எழுதியதற்கு ஊரே சிரித்திருக்கிறது. சத்தி, தடிமன், முட்டு, உளைவு, அந்தரம், சலக்கடுப்பு, வயிற்றால போகுது. ஒரு தாளில் எழுதி அந்தப் பிள்ளையிடம் கொடு. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கு இன்னும் பத்துச் சொல் சேர்க்க வேண்டிவரும். வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.


நடத்துநர்
வியாழன், காலை 8.00

ஒருவர் ஆஸ்பத்திரியை ஊகித்து எழுதியிருந்தார். நீக்கிவிட்டேன். ஊர்ப் பேர் சரி, ஆட்களின் பேரும் ஆஸ்பத்திரிப் பேரும் வேண்டாம்.


மிசி_அக்கா
வியாழன், பிற்பகல் 3.30

வார்ட்டில் 19 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். டொக்டருக்கு டொக்டர்தான் படிப்பிக்கிறார் என்பதுபோல எல்லோரும் எழுதுகிறீர்கள். எச்.ஓ. பிள்ளைகள் (படிப்பு முடித்து உள்ளகப் பயிற்சிக்கு வருகிற டொக்டர்மார்) வந்த முதல் கிழமையில் கனியூலா போட யார் கையைப் பிடித்துப் பழக்குவது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். எங்களுக்கும் யாரும் பயிற்சி தரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பாம்பு கடித்து வந்தவருக்கு இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று சரித்துப் பார்ப்போம் அல்லவா? அதற்குக் கண்ணாடிக் குழாய் வேண்டும். புதியது, உள்ளே காய்ந்தது, சவர்க்காரம் போட்டுக் கழுவாதது. கண்ணாடியில் பட்டால்தான் உறைதல் ஒழுங்காகத் தொடங்கும். ஒருநாள் மாணவர் ஒருவர் பிளாஸ்டிக் குழாயில் எடுத்து வைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கிறார். அதில் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும், விஷம் ஏறியதுபோலக் காட்டும். தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏற்றினால் அதன் ஒவ்வாமை வேறு. நல்லவேளை, கண்டுவிட்டேன். கேட்டால், "சேர் செய்யும்போது பக்கத்தில்தான் நின்றேன் மிஸ், குழாய் என்று தெரியும், கண்ணாடி என்று கவனிக்கவில்லை" என்றார்.

அந்தச் சேர் சரியாகத்தான் செய்திருக்கிறார். செய்து செய்து கை தானாகப் போகிறது, ஏன் இந்தக் குழாய் என்று வாயில் வருவதில்லை. பார், செய், சொல்லிக்கொடு என்பதில் உள்ள பிழை இதுதான் @பழைய_ஸ்டெத் சேர். பார்க்கிறவர் எதைப் பார்க்கிறார் என்று நமக்குத் தெரியாது.

நாங்கள் ஒரு செயலமர்வில் நாலு படியாகப் பழகினோம். பெய்ட்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னது. முதலில் பேசாமல் வழமையான வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று சொல்லிச் செய்வது. மூன்றாவது, பிள்ளை சொல்லச் சொல்ல நான் செய்வது. நாலாவது, பிள்ளை சொல்லிக்கொண்டே தானே செய்வது. எல்லோரும் இரண்டிலிருந்து நாலுக்குத் தாவுகிறார்கள். மூன்றாவதில்தான் பிழை பிடிபடும். "அடுத்தது குழாயில ஊத்துங்க மிஸ்" என்று பிள்ளை சொன்னால், "எந்தக் குழாயில?" என்று கேட்டுவிட்டு நான் கையை நிறுத்திவிடுவேன். ஊசி என் கையில் இருக்கும்போதே பிழை வெளியே வந்துவிடும்.


சம்மாந்துறை_மகள்
வியாழன், இரவு 8.10

அஸ்ஸலாமு அலைக்கும். நான் டொக்டரும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. தங்கச்சி வாசித்துக்கொண்டிருந்தாள், நானும் வாசித்தேன். கட்டிலில் கிடப்பவரின் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

எங்கள் வாப்பாவுக்கு ஈரல் வருத்தம். ஒன்பது நாள் வார்ட்டில் இருந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று நானும் சொல்லவில்லை. வயிற்றில் ஏதோ நல்ல அடையாளம் இருக்கிறதாம், அதனால் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், அஸர் தொழுகைக்கு முதல் 14 பேர். சேட்டைத் தூக்குகிறார்கள், அமத்துகிறார்கள், ஆங்கிலத்தில் கதைக்கிறார்கள், போகிறார்கள். ஒருவர் போகும்போது சேட்டை இழுத்துவிடவும் இல்லை. வாப்பா மூடிய கண்ணைத் திறக்கவில்லை. நித்திரை இல்லை, வெட்கம்.

எட்டாம் நாள் வேறொரு சின்ன டொக்டர் வந்தார். தமிழ்ப் பிள்ளை. முதலில் வாப்பாவின் பக்கத்தில் குனிந்து, "ஐயா, இந்தப் பிள்ளைகள் உங்களிட்டப் படிக்க வந்திருக்கு, வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமா? ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லுங்க" என்றார். திரையை இழுத்துவிட்டார். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடச் சொன்னார். இரண்டே பேர்தான் தொட்டார்கள், மற்றவர்கள் பார்த்தார்கள். முடிந்தபிறகு, என்ன பார்த்தோம் என்று வாப்பாவுக்குத் தமிழில் சொன்னார்.

அன்றைக்குப் பின்னேரம் உம்மா வந்தபோது வாப்பா எழும்பி இருந்து சொன்னார்: "இண்டைக்கு நான் டொக்டர்மாருக்குப் பாடம் எடுத்த." அந்த டொக்டருக்கு இப்படிச் செய்ய யார் பழக்கியதோ எனக்குத் தெரியாது.


இரவு_டியூட்டி
வெள்ளி, இரவு 10.30

எல்லாவற்றையும் வாசித்தேன். @சம்மாந்துறை_மகள், உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். 14இல் நானும் ஒருவனாக இருந்திருக்கக்கூடும், உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும்.

இன்றைக்கு @கல்லடிக்_காற்று சொன்னபடி செய்து பார்த்தேன். படுதோல்வி. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பிள்ளை பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஐயா ஒருவர் இருமுகிறார், ஃபேன் சுற்றுகிறது, எச்.ஓ. பிஎச்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தாங்க முடியவில்லை. நானே பதிலைச் சொல்லிவிட்டேன், பிறகு வழக்கம்போல 15 நிமிடம். கேள்வி கேட்டால் மௌனம் வருகிறது, மௌனத்துக்கு என்ன செய்வது?


கொக்கட்டிச்சோலை_வாத்தி
சனி, காலை 9.15

நான் பள்ளிக்கூட ஆசிரியன், விஞ்ஞான பாடம். டொக்டர்மார் இழையில் எனக்கென்ன வேலை என்று பேசாமல் இருந்தேன். இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

@இரவு_டியூட்டி டொக்டர், எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள்? நீங்கள் அரை நிமிடம் என்று நினைப்பீர்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், இரண்டு விநாடி இருக்காது. 1970களில் மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் விஞ்ஞான வகுப்புகளை டேப்பில் பதிந்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேலே கொண்டுபோனபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, தெரியாது என்பது குறைந்தது, கேள்வி கேட்கப்படாத பிள்ளையும் வாயைத் திறந்தது. மூன்று விநாடி சின்ன விசயம்போலத் தெரியும். வகுப்பில் நின்று பாருங்கள், வாவியை நீந்திக் கடப்பது மாதிரி இருக்கும். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம், நான் மனதுக்குள் "ஒரு வட்டை, இரண்டு வட்டை, மூன்று வட்டை" என்று எண்ணுவேன். சிரிக்காதீர்கள், வேலை செய்யும்.

இன்னொன்று. நான் பயிற்சிக்குப் போன காலத்தில் நான் படிப்பிக்கும்போது விரிவுரையாளர் ஒருவர் கடைசி வாங்கில் வந்து உட்காருவார். ஒன்றும் சொல்லமாட்டார். பாடம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் வைத்துச் சொல்வார். முதல் நாள் என்னிடம் சொன்னது இது: "தம்பி, நீ 40 நிமிடமும் ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் படிப்பித்தாய். சுவர்ப்பக்கத்தை நீ ஒருதரமும் பார்க்கவில்லை." எத்தனை புத்தகம் படித்தாலும் அது எனக்குத் தெரிய வந்திருக்காது. என் கண் எங்கே போகிறது என்று என் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஆறாம் வகுப்புக்கு ஒளித்தொகுப்புச் சொல்லிக்கொடுக்கிற எனக்கே பின்வாங்கில் ஒருவர் இருந்தார். உயிரைக் கையில் வைத்திருக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற உங்களை யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்?


அம்பாறை_எஸ்எச்ஓ
சனி, பிற்பகல் 2.40

நல்லாத்தான் இருக்கிறது வாத்தியார். யார் வந்து நிற்பது? கிளினிக் நாளில் வரிசை வாசலைத் தாண்டி மரத்தடிக்குப் போகிறது. ரெஜிஸ்ட்ரார்மார் கொஞ்ச மாதத்தில் அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவார்கள், பழகினால் பழகினதோடு போச்சு. பட்டப்பின் மருத்துவ நிறுவனத்துக்குக் கொடுக்கிற போர்ட்போலியோவில் கற்பித்தலுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறதுதான். அதில் எத்தனை வகுப்பு எடுத்தோம் என்று எழுதுகிறோம். எப்படி எடுத்தோம் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை.

சிரிப்பதற்கு ஒன்று: இங்கே பாதி நோயாளிகள் சிங்களம், என் சிங்களம் பஸ் சிங்களம். ஒரு சிங்கள மாணவி எனக்கு வார்ட்டில் மொழிபெயர்க்கிறாள். நான் அவளுக்கு ஈசிஜி, அவள் எனக்குச் சிங்களம். @மூன்றாம்_வருசம் உங்கள் நண்பியிடம் சொல்லுங்கள், இந்தப் பக்கம் வந்தால் சிரிக்கப்படுகிறவன் நான்தான்.


கல்லடிக்_காற்று
சனி, இரவு 9.00

@அம்பாறை_எஸ்எச்ஓ பெரிய ஆள் யாரும் வரவேண்டியதில்லை. ஒரே யூனிட்டில் இரண்டு ரெஜிஸ்ட்ரார்மார் இருந்தால் போதும். கிழமைக்கு ஒருநாள், 15 நிமிடம். ஒருவர் படிப்பிக்க மற்றவர் பின்னால் நிற்பது. மருத்துவம் சரியா பிழையா என்று பார்க்கக் கூடாது, அதில் இறங்கினால் சண்டைதான் வரும். யார் எவ்வளவு நேரம் பேசினார், கேள்விக்குப் பின் எவ்வளவு பொறுத்தார், எந்தப் பிள்ளையைப் பார்க்கவே இல்லை, நோயாளியிடம் கேட்டாரா. இவ்வளவுதான் குறிக்க வேண்டும்.

என்னைப் பார்த்த ஆள் ஒரு ஸ்கொட்லாந்துக்காரி, என்னைவிட இரண்டு வருடம் ஜூனியர். நான் ஒவ்வொரு பதிலுக்கும் "ஓகே" சொல்கிறேன், சரியான பதிலுக்கும் பிழையான பதிலுக்கும் ஒரே ஓகே என்று காட்டினாள். அன்றிரவு நித்திரை வரவில்லை.


பழைய_ஸ்டெத்
ஞாயிறு, காலை 5.30

சொற்பட்டியல் 62 சொல்லாகிவிட்டது. மனைவி 11 சொல் சேர்த்தார். பெண்கள் டொக்டரிடம் நேரே சொல்லாமல் சுற்றிச் சொல்கிற சொற்கள், அதெல்லாம் எனக்கே தெரியாது. முப்பது வருடம் நான் என்னத்தைக் கேட்டேனோ. @மூன்றாம்_வருசம் எப்படி அனுப்புவது என்று சொல்லு தம்பி.


இரவு_டியூட்டி
மூன்று கிழமைக்குப் பின், திங்கள், இரவு 11.20

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் டெங்கு கூடிவிட்டது.

யூனிட்டில் இருக்கிற மற்ற ரெஜிஸ்ட்ராரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவன் சரி என்றான், அவனுக்கும் உள்ளுக்குள் இதே கவலைதான் போல. முதல் நாள் அவன் என்னைப் பார்த்தான். 18 நிமிடத்தில் நான் பேசியது 14. எட்டுப் பேரில் இருவரை நான் ஒருதரமும் பார்க்கவில்லை, இரண்டு பேரும் சிங்களப் பிள்ளைகள். எனக்குச் சிங்களம் வராது என்ற கூச்சத்தில் என் கண்ணே அந்தப் பக்கம் போகவில்லை என்று நினைக்கிறேன். அதை அவன் வாயால் கேட்டபோது காது சூடாகிவிட்டது.

இரண்டாம் நாள் வட்டை எண்ணினேன். முதல் கேள்விக்கு ஐந்து வட்டை வரை போனது. பின்னால் நிற்கிற ஒரு பையன், அதுவரை குரலே கேட்காதவன், பதில் சொன்னான். பிழையான பதில். ஆனால் ஏன் அப்படி நினைக்கிறான் என்று சொன்னான், அந்தக் காரணத்தில் பாதி சரி.

இன்றைக்குப் பிசிவி பார்க்காத அதே பிள்ளை. கொப்பியை மூடச் சொல்லிவிட்டு, கட்டிலில் இருந்த ஐயாவிடம் கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றேன். நெஞ்சில் நீர் கட்டிய ஐயா அவர், ஒரு மாதமாக வந்து வந்து போகிறார். பிள்ளை வலப்பக்கம் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரு வட்டை, இரண்டு வட்டை. எனக்கு முன்னால் ஐயா வாயைத் திறந்துவிட்டார்: "மகள், மற்றப் பக்கமும் தட்டிப் பாத்தாத்தானே வித்தியாசம் தெரியும்?"

எல்லோரும் சிரித்தோம், பிள்ளையும் சிரித்தாள், மற்றப் பக்கமும் தட்டினாள். மற்ற ரெஜிஸ்ட்ராரின் தாளில் என் பெயருக்கு நேரே 4 நிமிடம், ஐயாவுக்கு நேரே அரை நிமிடம்.

வியாழன் அவனுடைய முறை. நான் சுவர்ப்பக்கம் நிற்கிறேன்.